சவரிமுத்து கிராணியின் கார்டு

1. திங்கட்கிழமை

சவரிமுத்து கிராணியைச் சனிக்கிழமை அடக்கம் செய்தோம். திங்கட்கிழமை பிற்பகல் அவர் எங்கள் கம்ப்யூட்டருக்குள் லாகின் செய்தார்.

இதைப் படிக்கும் இளம் பிள்ளைகள் சிரிக்கலாம். இன்றைக்கு நீங்கள் சர்வருக்குள் போக ஸ்மார்ட் கார்டு வைத்திருக்கிறீர்கள். அதற்குள் ஒரு சிப், சிப்புக்குள் ஒரு ரகசியச் சாவி, அந்தச் சாவிக்கு ஒரு டிஜிட்டல் சான்றிதழ், சான்றிதழ் இன்னும் செல்லுமா என்று பார்க்க வேறொரு சர்வர். ஓய்வு பெறும் வரை நானும் அந்த வேலையைத்தான் பார்த்தேன். நான் சொல்லப்போவது அதற்கெல்லாம் முந்திய கதை. எண்பதுகளின் பின்பாதி. பல ரப்பர் தோட்டங்களை நிர்வகித்த ஒரு கம்பெனியின் ஈப்போ நகரத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் நான் ஆப்பரேட்டர்.

ஒவ்வொரு தோட்டத்து ஆபீசிலும் ஒரு டெர்மினல் இருக்கும். பக்கத்தில் ஒரு கார்டு ரீடர். தோட்டத்துப் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, முதுகில் கறுப்புக் காந்தப் பட்டை ஓடும் தன் கார்டை ரீடரில் இழுத்து, தனக்கு மட்டும் தெரிந்த ரகசிய நம்பரை அடிப்பார். பிறகு அன்றைய ஆள் கணக்கும் ரப்பர் பால் எடையும் தனி டெலிபோன் லைன் ஒன்றின் வழியாக எங்களுக்கு வந்து சேரும். கார்டும் நம்பரும் சேர்ந்து வந்தால்தான் மெஷின் வாயைத் திறக்கும். பயிற்சிக்கு வந்த கிராணிமார்களிடம் நாங்கள் பெருமையாகச் சொல்வோம்: "இந்தக் கார்டுதான் நீங்க. வேற யார் கையிலயும் குடுக்காதீங்க."

சவரிமுத்து, சுங்காய் ஊருக்கு உள்ளே தள்ளி இருந்த ஒரு தோட்டத்தின் பெரிய கிராணி. ஆளை நான் பார்த்தது கொஞ்சந்தான். ஆனால் தினமும் பேசுவோம். லாகின் செய்தவர்கள் எங்கள் கன்சோல் பிரிண்டருக்கு ஒரு வரி அனுப்பலாம். மற்ற கிராணிகள் அதைத் தொட்டதே இல்லை. இவர் மட்டும் ஆங்கில எழுத்தில் 'வணக்கம்' என்று அடித்து, அங்கே மழையா வெயிலா என்றும் சொல்வார். அதன் பிறகு கணக்கு வரும். ஒரு எண் தப்பாக வராது. மற்ற தோட்டங்களின் தப்பைத் திருத்தியே தலை நரைத்த எங்களுக்கு அவர் தெய்வம் மாதிரி.

அந்தத் திங்கட்கிழமை பிரிண்டர் கடகடவென்று ஓடியது. என் ஷிப்ட் சூப்பர்வைசர் கபூர் அண்ணன் காகிதத்தைக் கிழித்துக் கையில் பிடித்தபடி நின்றார். அவர் குடும்பம் ஈப்போவில் சாப்பாட்டுக் கடை நடத்தியது. அந்தக் கடைக் கூட்டத்தில் வளர்ந்தவர் என்பதால் எதற்கும் பதற மாட்டார்.

"அருளு, இங்க வா. இத நீ படி."

படித்தேன். வணக்கம். மழை. அனுப்பியது சவரிமுத்துவின் கார்டு.

"யாராச்சும் அவரு கார்ட எடுத்துப் போட்டிருப்பாங்க அண்ணே."

"எந்தக் கார்ட? பொட்டிக்குள்ள போன கார்டையா? நீயும்தான பக்கத்துல நின்ன."

நின்றேன்தான். பெட்டிக்குள் அவருக்கு வெள்ளைச் சட்டை, கையில் செபமாலை. சட்டைப் பையில் நீல விளிம்பு தெரிய அந்தக் கார்டு. உயிரோடு இருந்தபோதும் அவர் அதைப் பையில் வைத்தபடிதான் நடமாடுவார். கம்பெனிச் சொத்து, திரும்ப வாங்க வேண்டும் என்பது விதி. கபூர் அண்ணன் முழங்கையால் என்னை இடித்தார், நான் அவரை இடித்தேன். பூனைக்கு யார் மணி கட்டுவது? பிணத்தின் சட்டைப் பையில் கைவிட எங்களுக்குச் சம்பளம் தரவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெட்டியை மூடி ஆணி அடித்தார்கள்.

நான் கன்சோலில் உட்கார்ந்து, 'யார்?' என்று அடித்தேன்.

பிறகு பிரிண்டர் ஒரு வார்த்தை அடித்தது. 'சவரிமுத்து.'

ஏர்கான் அறை எப்போதும் குளிராகத்தான் இருக்கும். அன்றைக்குக் குளிர் எனக்கு உள்ளே இருந்து வந்தது.

2. எடுக்காத போன்

கபூர் அண்ணன் தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அதே நேரம் என் எதிரில் ஆள் கணக்கு வரி வரியாக வந்துகொண்டிருந்தது. அந்த ஆபீசில் போனும் டெர்மினலும் ஒரே மேசையில் இருப்பது எனக்குத் தெரியும். கணக்கு அடிக்கிற கைக்கு எட்டுகிற தூரத்தில் போன் அலறுகிறது. கை அதைத் தொடவில்லை.

கணக்கு முடிந்தது. ஒரு தப்பும் இல்லை.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே. வணக்கம். வெயில். இந்த முறை 'யார்' என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இன்றைக்கு இப்படி நடந்தால் சான்றிதழை ரத்து செய்துவிட்டுப் பசியாறப் போய்விடுவீர்கள். எங்களுக்கும் ரத்து செய்ய ஒரு கமாண்ட் இருந்தது. ஆனால் தோட்டத்து மேனேஜரின் கடிதம் வராமல் அதைப் போடக்கூடாது. தோட்டத்திலிருந்து கணக்கு அனுப்ப வேறு ஆளும் கிடையாது. இதெல்லாம் ஆபீசுக்குச் சொன்ன காரணம். உண்மைக் காரணம் பயம். இறந்தவர் தினமும் வந்து வணக்கம் சொல்லும்போது, முகத்தில் அடித்த மாதிரி எப்படிக் கதவைச் சாத்துவது?

எங்கள் மேனேஜருக்குச் செய்தி போனது. அவர் பேய் பிசாசை நம்புகிறவர் இல்லை. ஆள்மாறாட்டத்தை நம்புகிறவர். வெள்ளிக்கிழமைக்குள் ஆள் யார் என்று தெரிய வேண்டும், இல்லையென்றால் போலீஸ் ரிப்போர்ட் என்று சொல்லிவிட்டார்.

"நாளைக்கு நேர்ல போலாம்," என்றார் கபூர் அண்ணன். "கணக்கு வர்ற நேரத்துக்குப் போய் நிப்போம். மனுசனா இருந்தா பிடிப்போம்."

"மனுசனா இல்லாட்டி?"

"நீ செபம் சொல்லு, நான் ஓதுறேன். யாரோடது கேக்குதோ பாப்போம்லா."

3. பட்ட மரங்கள்

சிம்பாங் பூலாய் தாண்டும் வரை இருவரும் பேசிக்கொண்டுதான் வந்தோம். சுங்காய் நெருங்க நெருங்கப் பேச்சு குறைந்தது. தோட்டத்து மண் பாதையில் கார் திரும்பியதும் நின்றே போனது.

அந்தத் தோட்டத்தை எண்ணெய்ப் பனைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். பழைய ரப்பர் மரங்களுக்கு மருந்து வைத்துவிடுவார்கள். மரம் நின்ற இடத்திலேயே பட்டுப்போகும், சாய்ப்பது பிறகுதான். பாதையின் இரு பக்கமும் இலை இல்லாத சாம்பல் மரங்கள் வரிசை கலையாமல் நின்றன. பால் வெட்டிய பழைய கோடுகள் பட்டையில் அப்படியே இருந்தன. சில மரங்களில் பால் கோப்பை இன்னும் கம்பியில் தொங்கியது. நான் சிலிம் ரிவர் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன். ரப்பர் காட்டுக்குள் நடுப்பகலிலும் நிழல் இருக்கும் என்றுதான் எனக்குத் தெரியும். இங்கே வெயில் நேராகத் தரையில் விழுந்தது. ஒரு குருவிச் சத்தம் கிடையாது. பால் எடுக்க உள்ளே ஒரே ஒரு பத்தி, ஒரு துண்டு மரக்காடுதான் மிச்சம் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஆபீஸ் வாசலில் காரை நிறுத்தும்போது, வெயில் அடித்துக்கொண்டிருக்கையிலேயே மழை பிடித்தது.

ஆபீசில் ஆள் நடமாட்டம் இல்லை. மற்றவர்கள் மதியத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். உள் அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே பேச்சுக் குரல்.

"ம்... சொல்லுங்க."

பிறகு மௌனம். யாரோ பதில் சொல்ல இடம் விட்ட மாதிரி.

"சரி. அடிச்சாச்சு. அடுத்தது?"

மறுபடியும் மௌனம். கீபோர்டில் விசை தட்டும் சத்தம்.

கபூர் அண்ணன் உதடு அசைந்தது. நான் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அங்கே இருட்டே இல்லை. நல்ல வெளிச்சம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கதவைத் தள்ளினேன்.

டெர்மினல் முன்னால் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். சவரிமுத்துவின் மனைவி ஞானம் அக்கா. வெள்ளைச் சேலை. அவருக்கு இடப்பக்கம் இன்னொரு நாற்காலி, காலி. அதற்கு நேராக மேசையில் ஒரு மூக்குக் கண்ணாடியும் ஒரு பூதக் கண்ணாடியும் இருந்தன. அக்காவின் தலை அந்த நாற்காலிப் பக்கம் சாய்ந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கவில்லை.

"வாங்க தம்பி. இன்னும் ரெண்டு வரிதான். முடிச்சிட்டு வாரேன்," என்றார்.

4. எண்பத்தாறு

நான் அவர் பின்னால் போய் நின்றேன். அக்காவின் கையில் கணக்கப்பிள்ளை கொடுத்த எடைச் சீட்டு. அதில் ஓர் ஆளின் பேருக்கு நேரே அறுபத்தெட்டு என்று இருந்தது. அக்கா தலையைச் சாய்த்தார், காத்திருந்தார், எண்பத்தாறு என்று அடித்தார்.

"அக்கா, சீட்டுல அறுபத்தெட்டு."

"தெரியும் தம்பி. அவரு எண்பத்தாறுன்னுதான் சொல்றாரு."

கபூர் அண்ணன் மழையில் நனைந்துகொண்டே பால் ஸ்டோருக்கு ஓடினார். எடை எழுதும் கரும்பலகை அங்கேதான் இருக்கும். திரும்பி வந்து, தலையைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரே ஒரு முறை தலையசைத்தார். எண்பத்தாறுதான்.

அந்த ஆள் வழக்கமாக எவ்வளவு பால் எடுப்பார் என்று அக்காவுக்கு மனதில் இருந்திருக்கலாம். எண் இடம் மாறியது கண்ணில் பட்டிருக்கலாம். அப்படித்தான் நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காலி நாற்காலியில் அக்கா என்னை உட்காரச் சொன்னபோது நான் நின்றுகொண்டேதான் இருந்தேன்.

5. பேர் விழாமல்

கேட்டதற்கெல்லாம் அக்கா மறைக்காமல் பதில் சொன்னார்.

இனிப்பு நீர் வியாதியில் கிராணிக்குக் கண் போய் ரொம்ப நாளாகிவிட்டது. சீட்டைப் பூதக் கண்ணாடி வைத்து எப்படியோ படிப்பார். திரையின் பச்சை எழுத்து சுத்தமாகத் தெரியாது. கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போகும், வேலையோடு வீடும் போகும். அதனால் டெர்மினல் வந்த நாளிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வார், அக்கா அடிப்பார். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வெளியே சொல்லவில்லை.

"அப்ப பொட்டியில போன கார்டு?" என்றார் கபூர் அண்ணன்.

"அது ஒழைக்காத கார்டு. மெசினு மாட்ட வந்த இஞ்சினியரு, மொதல்ல குடுத்தது சரியில்லன்னு அங்கயே வேற ஒண்ணு குடுத்துட்டுப் போனாரு. பழச இவரு பையில வெச்சுக்குவாரு. நல்லது மெசினுகிட்டயே இருக்கும்."

இஞ்சினியர் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்கள் தினமும் வணக்கம் வாங்கியது, பேசியது, தப்பில்லாத கணக்கு என்று கொண்டாடியது எல்லாம் இந்த விரல்களிடம்தான். சவரிமுத்து ஒரு நாளும் எங்கள் மெஷினைத் தொட்டதில்லை.

"சரிக்கா. அவரு போனப்பறம் ஏன் அடிச்சீங்க? இது போலீஸ் கேஸு, தெரியுமா?"

அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தார். தோட்டத்தில் பிறந்தவன் கேட்கிற கேள்வியா இது என்கிற பார்வை.

"பேர் வெட்டிருவாங்கல்ல தம்பி."

எனக்கு உறைத்தது. தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க, பேர் கூப்பிடுவார்கள். பேருக்குப் பதில் வராவிட்டால் அன்றைய கூலி இல்லை. பதில் வராமலே போனால் செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டிலிருந்து பேரை வெட்டுவார்கள். பேர் போனால் லயத்து வீடு போகும். அதனால் புருஷனுக்குக் காய்ச்சல் என்றால் பெண்டாட்டி போய் நின்று அவன் பேருக்குப் பதில் சொல்வாள், அவன் மரத்தில் பால் வெட்டுவாள். கங்காணிக்கும் தெரியும், கிராணிக்கும் தெரியும். என் அம்மாவே அப்பா பேருக்கு எத்தனை நாள் நின்றிருக்கிறார். பேர் ஒன்று, நிற்கிற உடம்பு வேறு. யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை.

"தெனமும் கார்டு போட்டா, மெசினு அவரு பேரக் கூப்பிடுது. நான் பதில் சொல்றேன். பேரு விழாம இருக்கு. அன்னைக்கு நீங்க யாருன்னு கேட்டீங்க. பேரு கேட்டா பேரு சொல்லணும்ல?"

"போன ஏங்கா எடுக்கல?"

"எடுத்தா கொரலு தெரிஞ்சிருமே தம்பி."

லாகின் வேறு, செக்ரோல் வேறு, தினமும் கார்டை இழுப்பதால் யார் பேரும் செக்ரோலில் தங்காது என்று நான் விளக்கினேன். சொல்லச் சொல்ல அவர் முகம் தொங்கிப்போனது. அந்த வெள்ளைச் சேலையில் தினமும் வந்து உட்கார்ந்து அவர் காப்பாற்றியது ஒன்றையுமே காப்பாற்றவில்லை. கபூர் அண்ணன் மழையைப் பார்க்கப் போய்விட்டார்.

6. புதுக் கார்டு

வெள்ளிக்கிழமை எங்கள் மேனேஜர் முன்னால் கபூர் அண்ணன் பேசியதை நான் மறக்க மாட்டேன். கடையில் வாடிக்கைக்காரருக்குக் கறிக் குழம்பு பரிமாறுவது போல் பேசினார்.

"சார், போலீஸ் ரிப்போர்ட் எழுதலாம். எழுதுனா நாம என்ன சொல்லணும்? டெர்மினல் வெச்ச நாள்லேர்ந்து உள்ள யாரு வந்தாங்கன்னே நமக்குத் தெரியாதுன்னு சொல்லணும். தோட்டமோ மாறப்போவுது. புது ஆளுக்கு வேல பழக்கி முடிக்கிறதுக்குள்ள ஆபீஸே மூடிரும். அந்த அக்காவுக்கு ஒரு கார்டு குடுங்க. அவங்க பேர்லயே."

மேனேஜர் வெகுநேரம் பேனாவை உருட்டினார். தோட்டத்து மேனேஜரிடம் போனில் பேசினார். கடைசியில் தற்காலிகக் கிளார்க் என்று வேலை போட்டார்கள். ஆபீஸ் மூடும் வரை வீடும் அவருக்கே.

சவரிமுத்துவின் கார்டை நான்தான் ரத்து செய்தேன். செய்வது சரி என்று தெரிந்தும், கமாண்டை அடித்துவிட்டு விசையை அழுத்தும் முன் அந்தப் பேரை இன்னொரு முறை படித்தேன்.

புதுக் கார்டில் முதல் நாள் கணக்கு வந்தது. தப்பு. ஒன்றிரண்டு இல்லை, வரிக்கு வரி. மெஷின் திருப்பித் திருப்பி அனுப்பியது. மறுநாளும் அப்படியே. அதே விரல்கள், அதே மேசை, அதே சீட்டு. கார்டு மட்டும் வேறு. மூன்றாம் நாள் எங்கள் போன் அடித்தது.

"தம்பி, நான் ஞானம் பேசுறேன்." குரல் அடங்கி இருந்தது. "இந்தக் கார்டுல அவரு வர மாட்டேங்கிறாரு."

நான் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன்.

"ஒக்காந்து பாக்குறேன். காத்திருக்கேன். நாற்காலி நாற்காலியாத்தான் இருக்கு. பழைய கார்ட ஒரு நாளு, ஒரே ஒரு நாளு தொறந்து விட முடியுமா?"

முடியும். ஒரு வரி அடித்தால் போதும். கபூர் அண்ணன் எதிரில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடியாதுக்கா. தப்பு வந்தா வரட்டும். திரும்ப அடிங்க, நான் இங்க பாத்துக்குறேன். இது ஒங்க பேரு. ஒங்க பேருக்கு நீங்களே பதில் சொல்லலாம்."

லைனில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த அனுபவத்திலிருந்து நான் கற்றதை உங்களுக்குச் சொல்கிறேன். ஸ்மார்ட் கார்டோ சான்றிதழோ எதுவாக இருந்தாலும், அது சொல்வது அந்தப் பேருக்கு அனுமதி உண்டு என்பதை மட்டுமே. கீபோர்டில் இருக்கிற கை யாருடையது என்று அதற்குத் தெரியாது. அதனால் ஒரு பேரை ரத்து செய்யும் முன் எழுந்து போய், அந்தப் பேருக்குள் யார் குடியிருக்கிறார் என்று பாருங்கள். பிறகு எத்தனையோ ஆபீசுகளில் நான் அப்படிப் போய்ப் பார்த்திருக்கிறேன். பல இடங்களில் ஆச்சரியப்பட்டும் இருக்கிறேன்.

அன்றைக்கு அக்கா போனை வைத்துவிடவில்லை. மழைச் சத்தத்துக்கு நடுவே பேசினார்.

"மொதல்ல எங்கப்பா பேருல பால்மரம் வெட்டுனேன் தம்பி. பொறவு இவரு பேருல. எம் பேர இது வரைக்கும் எந்தப் பெரட்டுலயும் கூப்பிட்டதில்ல. கூப்பிட்டா எப்படிப் பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."